கை தயங்கும் இடம்: ஆப்பிலிருந்து சாலை வரை இன்டராக்ஷன் டிசைன் பழக ஒரு வழி

இன்டராக்ஷன் டிசைன், அதாவது ஒரு பொருளை மனிதர்கள் பயன்படுத்தும்போது அது எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று வடிவமைக்கும் வேலை, கற்க வேண்டும், எந்த சாஃப்ட்வேரில் ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சாஃப்ட்வேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து அரைமணி நேரம் உட்காருங்கள். ஃபிக்மா போன்ற திரை வரையும் சாஃப்ட்வேரெல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். ஒருவர் ஏடிஎம் முன்னால் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கிறாரே, அந்த அரை நொடியைப் பிடிக்கிற கண் வருவதற்குத்தான் நாளாகும். திரையோ தெருவோ, இந்த வேலை முழுக்க அந்தத் தயக்கத்தைத் தேடிப் போவதுதான்.

இந்தத் துறைக்கு இந்தப் பெயர் 1980களின் நடுவில் வந்தது. வைத்தவர்கள் பில் மாக்ரிட்ஜ், பில் வெர்பிளாங்க். மாக்ரிட்ஜ் அதற்கு முன்பு கிரிட் காம்பஸ் என்ற மடிக்கணினியை (1982) வடிவமைத்தவர். மூடி, கீல், விசைப்பலகை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர், கருவி கைக்கு வந்ததும் அதையெல்லாம் மறந்து திரைக்குள்ளேயே மூழ்கிவிட்டார். அட, மனிதனும் பொருளும் பேசிக்கொள்ளும் இடம் இதுவல்லவா என்று அவருக்குத் தோன்றியது. தெருவைப் பார்த்தவர்கள் அதற்கும் முன்பே இருந்தார்கள். 1970களில் நியூயார்க்கில் வில்லியம் ஒயிட் என்ற நகர ஆய்வாளர் பொதுச் சதுக்கங்களில் கேமரா வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று படம் பிடித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் ஆட்கள் அதை ஓரிரு அங்குலம் நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள், நகர்த்துவதற்கு ஒரு காரணமும் இல்லாதபோதுகூட. நின்று பேசுகிறவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, நடக்கிற கூட்டத்தின் நட்டநடுவிலேயே நின்று பேசினார்கள். கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டிருந்தால் இந்த இரண்டும் வெளியே வந்திருக்காது.

உட்காருவது

இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றில் திரை இருக்கட்டும், மற்றதில் வேண்டாம். ரயில் நிலையத்து டிக்கெட் இயந்திரமும் பஸ் நிறுத்தமும் நல்ல ஜோடி. கியூஆர் ஒட்டிய டீக்கடையும் அதற்கு எதிரே உள்ள ஜீப்ரா கிராசிங்கும் இன்னும் நல்ல ஜோடி, டீயும் கிடைக்கும். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், எழுந்து போகத் தோன்றும், போகாதீர்கள்.

நோட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘குழம்பினார்’ என்று எழுதினால் அது உங்கள் கருத்து. ‘பஸ் முன்பக்க போர்டைப் பார்த்தார், இரண்டடி முன்னால் போனார், பக்கவாட்டைப் பார்த்தார், படியில் நின்றவரிடம் தி.நகர் போகுமா என்று கேட்டார், ஏறினார்’ என்று எழுதினால் அது கவனிப்பு. வினைச்சொற்களாகவே எழுதிப் பழகுங்கள். முகத்தைப் படம் எடுக்காதீர்கள். யாராவது என்ன சார் எழுதறீங்க என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நிறுத்தத்தில் பத்து வருடமாக என்ன கோளாறு என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

யார் யாரிடம் எப்போது வாய்விட்டுக் கேட்கிறார்கள் என்பதைத் தனியாகக் குறியுங்கள். நம் ஊரில் பாதித் தகவல் போர்டில் இருக்காது, பக்கத்தில் நிற்கும் மனிதரிடம் இருக்கும். கண்டக்டரும் பூக்கார அம்மாவும் ஆட்டோக்காரரும்தான் வழிகாட்டிப் பலகைகள். இதைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை, அது வேலை செய்கிற ஏற்பாடு. ஆனால் கேட்க முடியாதவர் யார் என்று யோசியுங்கள்: காது கேளாதவர், மொழி தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி, இரவு பத்து மணிக்குத் தனியாக நிற்கும் பெண். போர்டு அவர்களுக்காகத்தான் பேச வேண்டும்.

இதற்கு நம் கண்ணெதிரே ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. வருகிற பஸ் அந்த வகைதானா என்பதை எட்டத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் ஓடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியது அந்தத் தூரத்தில்தான். 2022ல் சென்னையில் அந்தப் பஸ்களின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையில்லை, ஐம்பது மீட்டரிலேயே தெரிந்துவிடுகிறது. எல்லாத் தகவலுக்கும் இப்படி ஒரு தூரம் உண்டு, ஒரு நேரம் உண்டு. முடிவெடுத்த பிறகு வரும் தகவலால் ஒரு பயனும் இல்லை. பத்துப் பக்கப் படிவத்தை நிரப்பி முடித்த பிறகு ‘உங்கள் மாவட்டத்துக்கு இந்தச் சேவை இல்லை’ என்று சொல்லும் ஆப்கள் செய்வது அந்தத் தப்பைத்தான். சரி, பஸ் நிறுத்தத்தில் பக்கவாட்டிலிருந்து ஓடி வருகிறவருக்கு அந்த நிறம் எவ்வளவு தெரிகிறது? போய் நின்று பாருங்கள், நல்ல முதல் பயிற்சி.

மூன்று கேள்விகள்

நோட்டில் ஒரு பத்துப் பதினைந்து தயக்கங்கள் சேர்ந்ததும் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே என்ன செய்யலாம் என்பது தெரிந்ததா? செய்தது நடந்ததா என்று தெரிந்ததா? தப்பாகிவிட்டால் திரும்பி வர வழி இருந்ததா?

முதல் கேள்வியைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசிவிட்டார்கள், இழுக்க வேண்டிய கதவில் தள்ளும் கைப்பிடி வைப்பது போன்ற விஷயங்கள். நான் இரண்டாவதில்தான் நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் ஆட்கள் ஒரே பட்டனை மூன்று முறை அழுத்துவதற்கும், பணம் போனதா போகவில்லையா என்று வேர்த்துப் போவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

நம் வாக்குப்பதிவு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பட்டனை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, நீளமாக ஒரு பீப் சத்தம் வருகிறது, போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 நொடி தெரிந்துவிட்டு உள்ளே விழுகிறது. விளக்கும் சீட்டும் வாக்காளருக்கு மட்டும். சத்தம் அறையில் உள்ள எல்லோருக்கும்: தேர்தல் அலுவலருக்கு வாக்கு விழுந்தது தெரிகிறது, யாருக்கு விழுந்தது என்பது தெரியாது. ஒரே செயலுக்கு மூன்று பதில்கள், ஒவ்வொன்றும் யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு மட்டும் போகிறது. இதை யோசித்தவர்களுக்கு ஒரு சபாஷ் சொல்லலாம்.

டீக்கடைக்கு வாருங்கள். யுபிஐ 2016ல் வந்தது. பணம் கட்டியவரின் திரையில் பச்சை டிக் தெளிவாகத்தான் வந்தது, ஆனால் கடைக்காரரின் ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் வடிகட்டி, அவர் போன் எங்கேயோ சட்டைப்பையில். வாடிக்கையாளர் போனைத் திருப்பிக் காட்ட வேண்டும், அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும், கூட்ட நேரத்தில் அதுவும் நடக்காது. 2019ல் பேடிஎம் கொண்டுவந்த சவுண்ட்பாக்ஸும் அதைப் பார்த்து மற்றவர்கள் கொண்டுவந்த பெட்டிகளும் தொகையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. செய்தி போக வேண்டிய ஆள் திரைக்கு முன்னால் இல்லவே இல்லை என்பதைக் கண்டுபிடித்ததுதான் அங்கே நடந்த டிசைன் வேலை. ஆகவே உங்கள் ஸ்கிரீனை வரைவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இது நடந்தது என்று யார் யாருக்குத் தெரிய வேண்டும், அந்த நேரத்தில் அவர்கள் கண் எங்கே இருக்கும், கை எங்கே இருக்கும்.

பதில் எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்பதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993ல் தொகுத்துச் சொன்னது. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் நாமே கையால் செய்தது போல இருக்கும். 1 நொடிக்குள் என்றால் யோசனை அறுபடாது. 10 நொடி தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். மனம் போவதோடு கால் போகும் என்பதுதான் தெருவில் உள்ள வித்தியாசம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாத பாதசாரி சிவப்பிலேயே இறங்கிவிடுவார். நடப்பவர்களுக்காகக் கம்பத்தில் பட்டன் வைத்த ஊர்களும் இதில் சொதப்பியிருக்கின்றன. நியூயார்க்கில் அப்படிப்பட்ட பட்டன்களில் பெரும்பாலானவை பல வருடங்களாக இணைப்பே இல்லாமல் இருந்தன என்பது 2004ல் செய்தியானது, சிக்னலைக் கணினி பார்த்துக்கொண்டது, மக்கள் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தார்கள். சிட்னியில் உள்ள பட்டன் அதற்கு நேர் எதிர். காத்திருக்கும்போது மெதுவாக டிக் டிக் என்கிறது, பச்சை விழுந்ததும் வேகமாக அடிக்கிறது, கையை வைத்தால் அதே தாளத்தில் அதிர்கிறது. பார்வையும் செவியும் இல்லாதவர்கூட உள்ளங்கையால் சிக்னலைப் படித்துவிடலாம். தைபேயில் 1999ல் நடக்கிற பச்சை மனிதனை சிக்னலில் வைத்தார்கள், பக்கத்தில் மீதி நொடிகளும் ஓடும். நேரம் முடியப் போகிறதென்றால் அந்தக் குட்டி மனிதன் ஓட ஆரம்பிப்பான். குழந்தைக்கும் புரியும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். திரையில் தப்பு மலிவானது, ‘செய்ததை நீக்கு’ என்று ஒரு பட்டன் வைத்துவிடலாம், அனுப்பிய மெயிலையே சில நொடிக்குள் திரும்ப இழுக்கலாம். இன்னும் உறுதியாகவா, உண்மையாகவா என்று நாலு முறை கேட்கும் பெட்டிகளைவிட அது எவ்வளவோ மேல். அந்தப் பெட்டிகளை யாரும் படிப்பதில்லை, விரல் தானாக ஆமாம் அழுத்திவிடும். சாலையில் நீக்கு பட்டன் கிடையாது. அங்கே திரும்பி வரும் வழி என்பது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான், அதனால்தான் நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிராசிங்கை நடைபாதை மட்டத்துக்கு மேடாக்கினால் வண்டிக்காரர் தானாக பிரேக் போடுவார், போர்டு வைத்துக் கெஞ்ச வேண்டாம். நடுவில் நிற்க ஒரு திட்டு கட்டினால் இரண்டு பக்க வண்டிகளையும் ஒரே நேரத்தில் கணிக்க வேண்டிய முடிவு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன முடிவுகளாகப் பிரிந்துவிடும். நீளமான படிவத்தை இடையில் சேமித்துவிட்டுப் போகும்படி பிரிப்பதும் இதே வேலைதான்.

டேப்பும் ஸ்டாப்வாட்சும்

கவனிப்பு மட்டும் போதாது, அளந்தால்தான் வாதாட முடியும். திரைக்கு இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: தொடும் இடம் ஆப்பிள் கணக்கில் குறைந்தது 44 பாயின்ட், கூகுள் கணக்கில் 48 டிபி (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்); எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 4.5க்கு 1. தெருவுக்கு, சாலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் இருக்கிறது: நடைபாதையில் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. டேப் எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெருவை அளந்து பாருங்கள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அகலத்தை அளக்கும்போது மின்பெட்டி, மரம், பைக், இளநீர்க் கடை எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்பதுதான் கணக்கு, காண்டிராக்ட் தாளில் உள்ள அகலம் நமக்கு வேண்டாம்.

அப்புறம் சிக்னல். பச்சை எத்தனை நொடி என்று போனிலேயே பார்க்கலாம். சிக்னல் கணக்குப் போடும்போது நடை வேகத்தை வழக்கமாக நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். 15 மீட்டர் சாலை என்றால் 12.5 நொடி. ஆனால் மூட்டுவலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு பாட்டிக்கு அதே சாலை கிட்டத்தட்ட 19 நொடி, அதாவது சராசரி ஆளுக்காகக் கணக்குப் போட்ட பச்சை முடியும்போது அவர் 10 மீட்டர்தான் கடந்திருப்பார், இன்னும் 5 மீட்டர் பாக்கி. எல்லோருக்கும் நேரத்தைக் கூட்டினால் வண்டிகள் தேங்கும் என்பார்கள். சிங்கப்பூரில் 2009 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது: முதியவர் தன் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை பச்சை நீளும். தேவைப்படுகிறவருக்குத் தேவைப்படும்போது மட்டும். அதே கண்ணோடு உங்கள் ஆப்பில் ஓடிபி எத்தனை நொடியில் காலாவதியாகிறது, ஒரு பக்கம் சும்மா இருந்தால் எப்போது வெளியே தள்ளுகிறது என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஆறு எண்ணை ஒவ்வொன்றாக அடிக்கிறவர்தான் அங்கே அந்தப் பாட்டி.

தமிழில் ஆப் செய்கிறீர்கள் என்றால் இன்னொரு அளவும் உண்டு. ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கு வரைந்த பட்டனில் தமிழைத் திணித்தால் ‘சேமிக்...’ என்று நின்றுவிடும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் ‘கீ’யின் மேல் சுழியும் ‘கூ’வின் கீழ்ப் பகுதியும் வெட்டுப்படும். தமிழில் முதலில் வரையுங்கள், ஆங்கிலம் எப்படியும் அடங்கிவிடும்.

அட்டையும் சாக்பீஸும்

திருத்தத்தை நேராகக் கட்டிவிடாதீர்கள். ஸ்கிரீன் என்றால் ஏ4 தாளை போன் அளவுக்கு மடித்து வரைந்து, ஒருவர் விரலால் தொட, நீங்கள் அடுத்த தாளை வையுங்கள், கேலியாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். தெரு என்றால் சாக்பீஸ், கோன், பழைய நாற்காலி. 2009ல் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் பிராட்வேயின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடியபோது நகரம் முதலில் போட்டது மலிவான மடக்கு நாற்காலிகளைத்தான். ஜனம் வந்து உட்கார்ந்தது, 2010ல் நிரந்தரமாக்கினார்கள். ஆனால் ஒன்று, ஓடுகிற சாலையில் உங்கள் இஷ்டத்துக்குச் சோதனை வைக்காதீர்கள். அப்பார்ட்மென்ட் வாசல், பள்ளி கேட்டுக்கு உள்பக்கம், கோயில் செருப்பு வைக்கும் இடம் என்று அனுமதி கேட்டுச் செய்யக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன.

ஐந்து பேரிடம் சோதித்தால் பெரிய கோளாறுகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும் என்பதும் நீல்சன் சொன்னதுதான். எந்த ஐந்து பேர் என்பதில் அவசரப்படாதீர்கள். ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர் என்றால் அது ஒரே ஆளிடம் ஐந்து முறை கேட்டது. ஒரு முதியவர், கஷ்டப்பட்டுப் படிக்கிற ஒருவர், இடுப்பில் குழந்தையோடு ஒருவர், ஊருக்குப் புதியவர், அவசரத்தில் இருக்கிறவர் என்று பிரித்துத் தேடுங்கள்.

சோதனையில் ‘எப்படி இருக்கு’ என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்தவர் காபியைக் குறை சொல்லாத ஊர் இது, எல்லோரும் நல்லா இருக்கு தம்பி என்பார்கள். வேலையைக் கொடுங்கள்: ‘இதில் தண்ணி வரி கட்டுங்கம்மா.’ பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தடுமாறும்போது அந்தப் பட்டன் மேலே இருக்கு என்று சொல்லத் துடிக்கும், சொல்லிவிட்டால் அந்தச் சோதனை போச்சு. பெரியவர்கள் பலர் ஓர் இடத்தில் ‘எனக்கு இதெல்லாம் வராதுப்பா’ என்று போனைத் திருப்பிக் கொடுப்பார்கள். உங்களைச் சோதிக்கவில்லை, இதைத்தான் சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எந்தத் திரையில் அவர் அப்படிச் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கிடைத்த குறிப்புகளில் அதுதான் விலை அதிகம்.

இடையில் ஓர் எச்சரிக்கை, மற்றவர் செய்ததை எடுத்துப் போடுவது பற்றி. நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் ஓடு பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் செய்யிச்சி மியாகே 1965ல் உருவாக்கியது, 1967ல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடுகள் இருந்தால் நடக்கலாம், புள்ளிகள் இருந்தால் நில், கவனி. காலுக்கும் கைத்தடிக்கும் புரிகிற இரண்டே இரண்டு சொற்கள். நம் ஊரில் சில இடங்களில் இதே ஓடு நேராக ஒரு மின்கம்பத்தில் போய் முட்டும், வளைவில் புள்ளி ஓடே இல்லாமல் கோடு ஓடு மட்டும் திரும்பும், சில இடத்தில் அழகுக்காக இரண்டையும் மாற்றி மாற்றிப் பதித்திருப்பார்கள். அது பார்வையற்றவரிடம் பொய் சொல்கிறது, ஓடே இல்லாததைவிட மோசம். ஆப் செய்கிறவர்களும் வேறொரு நிறுவனத்தின் பட்டன், சுவிட்ச், டேப் (tab) எல்லாவற்றையும் தோற்றத்தோடு எடுத்துவந்து, நடத்தையை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். எதை எடுத்தாலும் அது எப்போது தோன்றும், அழுத்தினால் என்ன ஆகும், எப்போது மறையும் என்று மூன்று வரி எழுதிவிட்டு எடுங்கள்.

எழுதிக் கொடுப்பது

கண்டுபிடித்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எங்கே, எந்த நேரம், எத்தனை பேரைப் பார்த்தோம், அதில் எத்தனை பேர் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த ஒரு மாற்றம் வேண்டும். ‘பாதசாரிகளுக்கு வசதி செய்க’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். ‘சாலை அகலம் 18 மீட்டர், பச்சை 12 நொடி, சாதாரண நடைக்கே 15 நொடி தேவை, முதியவர்களையும் சேர்த்தால் 22.5 நொடி’ என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். ஆப் டீமுக்கும் அப்படித்தான், ‘யூஎக்ஸ் (பயன்படுத்தும் அனுபவம்) சரியில்லை’ என்று புகார் டிக்கெட் போடாதீர்கள், ஐந்தில் நாலு பேர் மூன்றாம் திரையில் பின்னால் போனார்கள் என்று போடுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையில் சிக்னல் நேரம் போக்குவரத்துக் காவல்துறை கையில், பெரும்பாலான நடைபாதைகள் மாநகராட்சி கையில், சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத்துறை கையில். மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் மூவருமே அது மற்றவர் வேலை என்று திருப்பிவிடுவார்கள், அதனால் ஒரு பக்கத்தை மூன்று பக்கமாகப் பிரித்து, அவரவர் செய்யக்கூடியதை மட்டும் அவரவருக்கு அனுப்புங்கள், மற்ற இருவருக்கும் நகல் போட்டு.